எல்லா வெளிச்சத்திலும் உட்கார்ந்தவன்

1

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அவளுடைய மகளுக்கு வருகிற மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. என்ஜினியரிங் வேண்டாம், டிஜிட்டல் மீடியாதான் படிப்பேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறதாம். வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்றே தெரியவில்லை. "அண்ணி, உங்க வைதேகி அதைத்தானே படிச்சா? அதுல என்னதான் சொல்லித் தர்றாங்க? சேத்து விடலாமா?" என்று கேட்டாள்.

சேர்த்து விடலாம் என்றேன். வைதேகி ஹைதராபாத்தில் நல்ல இடத்தில் வேலை பார்க்கிறாள், சொந்தச் சம்பாத்தியத்தில் ஸ்கூட்டி வாங்கிவிட்டாள் என்றேன். என்ன சொல்லித் தருகிறார்கள் என்று மறுபடி கேட்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அவளிடம் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். கல்கத்தாவிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பூஜைப் பந்தலைப் பற்றி எழுதுவார்கள், இனிப்பைப் பற்றி எழுதுவார்கள். என்னிடம் எழுத இருப்பது இதுதான்.

நாங்கள் இங்கே வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்துக்கு மாற்றல். மூன்றே வருஷம், அப்புறம் திருச்சி அலுவலகத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். அந்த நம்பிக்கையில் பாதிச் சாமான்களைத் தஞ்சாவூரிலேயே விட்டுவிட்டு வந்தோம். மூன்று வருஷம் முடிந்தபோது பெரியவன் சுந்தர் எட்டாவதில் இருந்தான். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம் என்று இருந்தோம். அப்புறம் சின்னவள் வைதேகியின் படிப்பு. விட்டுவந்த பீரோவை யாரோ உபயோகித்து, யாரோ விற்றும்விட்டார்கள்.

வங்காளிகள் எங்கள் பெயர்களை அவர்கள் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள். சுந்தர், ஷுந்தோர் ஆனான். அவர்களுக்கு 'வ' வராது, அதனால் வைதேகி பொய்தேஹி ஆனாள். பெண்ணின் பெயரில் முதலிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொண்டதே என்று நான் முகம் சுளித்தேன். "அது அந்தப் பொய் இல்லைம்மா, பம்பரத்துல ரெண்டாவதா வர்ற ப" என்று சுந்தர் எனக்குப் பாடம் எடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். வைதேகிக்குப் பேச மட்டும்தான். அதுவும் பாதி வங்காளத் தமிழ். பக்கத்து வீட்டு மாமா சிகரெட் சாப்பிடறார் என்பாள், வங்காளத்தில் குடிப்பதும் புகைப்பதும் சாப்பிடுவதுதான். ராக் என்றால் அவர்களுக்குக் கோபம். அதனால் அப்பா திட்டினால், "அப்பா ராகம் பண்றார்" என்று வந்து சொல்வாள். திட்டியவரே சிரித்துவிடுவார்.

2

பன்னிரண்டாவது முடித்ததும் வைதேகி, சால்ட் லேக்கில் ஒரு கல்லூரியில் டிஜிட்டல் மீடியா பட்டப்படிப்பு ஆரம்பித்திருக்கிறார்கள், அதில்தான் சேருவேன் என்றாள். என் கணவர் தமிழ்நாட்டில் என்ஜினியரிங் இடத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே போனால், வேறு மாநிலத்தில் படித்த பெண் என்றார்கள். இங்கே எங்கள் சாதிச் சான்றிதழைக் கொடுத்தால், தமிழில் இருந்த முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது இந்த மாநிலத்தில் செல்லாது என்றார்கள். அலைந்த களைப்பில் இருந்தவரிடம் மகள் வந்து, கார்ட்டூனுக்கு உயிர் கொடுக்கப் படிக்கப் போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

"மூணு வருஷம் காலேஜுக்குப் போய்ப் பென்சில் சீவப் போறியா?" என்று கேட்டார். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அவரைச் சரிக்கட்டியது சுந்தர்தான். அவன் அப்போதுதான் சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தான். தினமும் நானே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்றான். முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்துவைத்துச் சாந்தினி சந்தையில் உதிரி உதிரியாகப் பாகங்கள் வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தான். இரண்டு நாள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் என்ன படிக்கிறாள் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், என் கணவர் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

முதல் வருஷம் அவர் சொன்னது மாதிரியேதான் இருந்தது. கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. பென்சில், கரி, காகிதம். கை, கால், மூக்கு, துணி மடிப்பு. அப்புறம் வெளிச்சம். அவளுடைய ஆசிரியை ஒன்று சொன்னாராம், சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள். முகத்தின்மேல் விழுகிற வெளிச்சமும் கண்ணுக்குள் தெரிகிற வெளிச்சப் பொட்டும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால், பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அந்த முகத்தை நம்ப மாட்டான். சுந்தர் உடனே ஸ்பூனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, இப்போ என்னை நம்புறியா என்றான்.

இரண்டாவது பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரே முகத்தை, முடிந்த அளவு எல்லா வெளிச்சத்திலும் படம் எடுத்து வர வேண்டும். கல்லூரியே டிஜிட்டல் கேமராவைச் சனி, ஞாயிறுக்கு இரவல் கொடுத்தது. முகத்துக்குச் சுந்தர் கிடைத்தான்.

பால்கனியில் காலை வெயிலில் உட்கார வைத்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். டியூப்லைட்டின் கீழே, மேஜை விளக்கைத் தாடைக்குக் கீழே வைத்து, கரண்ட் போனபோது மெழுகுவர்த்தி பக்கத்தில். தூறல் போட்டதும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் குடையைக் கையில் கொடுத்தாள். மேலே பார், கீழே பார், என்னைப் பார், சிமிட்டாதே. தோசை ஆறுகிறது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். "இன்னும் எத்தனை வெளிச்சம்டி வச்சிருக்கே?" என்று அவன் கேட்டது எனக்குச் சமையலறையில் கேட்டது. ஆனால் எழுந்து வரவில்லை. இரண்டு நாளும் உட்கார்ந்தான்.

அந்தப் பயிற்சியில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

3

அந்த வருஷ மழைக்காலத்தில் சுந்தருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். இந்த ஊரில் அது புதிது இல்லை, எங்கள் குவார்ட்டர்ஸிலேயே பலருக்கு வந்து போயிருக்கிறது. அவனுக்கு மூளைக்கு ஏறிவிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அவனுக்கு இருபத்து மூன்று வயது.

காளிகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மயானத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். இங்கே பெண்களும் மயானத்துக்குப் போவார்கள். நான் போகவில்லை, வைதேகி போனாள். வாசலில் கேமராவோடு நின்ற ஒருவர் மெதுவாகக் கிட்டே வந்து, ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டாராம். இங்கே அது வழக்கம். கடைசியாக ஒரு படம், தலைமாட்டில் வீட்டார் நிற்க. என் கணவர் கையை உயர்த்தி அவரை விரட்டியிருக்கிறார். அந்த ஆள் கோபப்படவில்லை, கும்பிட்டுவிட்டு விலகிப்போனார் என்று வைதேகி பிறகு சொன்னாள். அவர் பெயர் நிமாய். பக்கத்துச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார்.

இறப்புச் சான்றிதழில் பெயரை ஷியாண்டர் என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தாமல் அவனுடைய கம்பெனியிலும் வங்கியிலும் எதுவும் நடக்காது. பிறப்புச் சான்றிதழ் தஞ்சாவூர் நகராட்சியுடையது, தமிழில் இருந்தது. மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிப் போனால், இனிஷியல் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்றார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று என் கணவர் ஒவ்வொரு மேஜையிலும் சொன்னார். செத்துப்போனவன் தன் மகன்தான் என்று ஒரு மனிதர் அரைகுறை வங்காளத்தில் ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் திருத்திக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த சுந்தரின் படங்களையெல்லாம் கழற்றிப் பரணில் போட்டார். எங்கள் வீட்டில் அவனுக்கு மாலை போட்ட படம் என்று ஒன்று கிடையாது.

படம் இல்லாவிட்டால் என்ன, வெளியே போனால் அவன்தான். படகில் ஆற்றைக் கடக்கும்போது எதிர் பெஞ்சில் அவனுடைய பிடரி தெரியும். பஸ் நிறுத்தத்தில் அவனுடைய சட்டை நிற்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள்.

வைதேகி கல்லூரிக்குத் திரும்பப் போனாள். தனியாகப் பஸ்ஸில் போய் வந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. குளிர்காலத்தில் ஒருநாள், காளிகாட்டில் ஒரு ஸ்டுடியோவில் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன் என்றாள். பழைய போட்டோக்களைச் சரிசெய்கிற வேலை, படிப்புக்கும் உதவும் என்றாள். அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கு அது தேவலை என்று நான்தான் அவள் அப்பாவிடம் பேசி அனுப்பினேன்.

4

அடுத்த வேனில் தொடக்கத்தில் என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவருடைய தகப்பனார் இறந்துபோனார். காரியத்துக்குக் காளிகாட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஆண்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போய்ப் படத்துக்குப் பூப் போடக் குனிந்தேன்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர். தாடை ஒட்டிப்போய், நெற்றி முழுக்கச் சுருக்கம். அந்த முகத்திலிருந்து என் பிள்ளை என்னைப் பார்த்தான்.

சாயல் என்று நான் சொல்லவில்லை. சுந்தருக்கு இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வலது கண்ணின் வெள்ளையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பழுப்பு மச்சம். பிறந்த மூன்றாம் மாதம் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன், தூசி என்று நினைத்து ஊதினேன். அந்த இமையும் அந்த மச்சமும் சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. பூவைப் போட்டேனா என்று நினைவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி என்னைச் சுவரோரம் உட்கார வைத்து உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். படகில் தெரிகிற பிடரி மாதிரிதான் இதுவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அதே பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் அப்பளம் வாங்க நின்றேன். கல்லாவுக்கு மேலே கடைக்காரருடைய தாயார் படம். வெள்ளைப் புடவைக் கிழவி. அவள் என் பிள்ளையின் கண்களால் மேலே எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

படம் நன்றாக இருக்கிறதே, எங்கே எடுத்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார். அம்மா உயிரோடு இருந்தபோது படமே எடுத்ததில்லை. மயானத்தில் எடுத்த படம்தான். கண் மூடியிருந்தது. நிமாய் ஸ்டுடியோவில் ஒரு மதராசிப் பெண் இருக்கிறாள், அவள்தான் கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்து கொடுத்தாள்.

5

அன்று சாயந்திரம் வைதேகி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "மளிகைக் கடைக் கிழவிக்கு யாருடைய கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணனோடது."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

உனக்குப் பைத்தியமா, ஊர்ப் பிணத்துக்கெல்லாம் அவன் கண்ணை வைத்திருக்கிறாயே, அவன் உனக்கு என்ன பாவம் செய்தான் என்று என்னென்னவோ கேட்டேன்.

"ராகம் பண்ணாதேம்மா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "கண் மூடின முகத்துக்குக் கண் வைக்கணும்னா அந்த வெளிச்சத்துலயே எடுத்த கண்ணு வேணும். இல்லேன்னா பொய்யாத் தெரியும். எங்கிட்ட வேற யார் கண்ணு இருக்கு? அண்ணன் ஒருத்தன்தான் எல்லா வெளிச்சத்துலயும் உட்கார்ந்தான்."

"மச்சத்தையாவது அழிச்சிருக்கலாமே."

"அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. என்னால முடியலை."

அந்த வேலை இனி வேண்டாம் என்றேன். சரி என்றாள். மறுநாளே நிமாயிடம் சொல்லி நின்றுவிட்டாள்.

என் கணவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அப்புறம் எங்கள் வீட்டுக்கு வேண்டாத சாமான்கள் வர ஆரம்பித்தன. நாங்கள் தொடாத கடுகெண்ணெய், வேறு வாசனைச் சோப்பு, ஒரு பொட்டலம் பிஸ்கட், ஊதுவத்தி. அலுவலகத்திலிருந்து காளிகாட் அவர் வருகிற வழியே இல்லை. பையை வாங்கி உள்ளே வைப்பேன். எண்ணெயை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன்.

வைதேகிக்கு மூன்றாவது வருஷம் தொடங்கியது. அதில் பாடம் குறைவு. ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு குறும்படம் செய்ய வேண்டும், அதை வைத்துத்தான் பட்டமும் வேலையும். அவள் படகுத்துறையில் காத்திருக்கிற சில மனிதர்களை வரைந்து அசைய வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுடைய ஆசிரியை எங்கள் இருவரையும் கல்லூரிக்கு வரச் சொன்னார். இருட்டு அறையில் திரையில் போட்டுக் காட்டினார். படகு வருகிறது, ஆட்கள் நடக்கிறார்கள், துணி காற்றில் ஆடுகிறது. எல்லாம் அழகு. ஆனால் ஒருவர் விடாமல் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரும்புகிற ஒருவனுக்கும் கண் மூடியிருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள், இப்படியே போனால் என்னால் தேர்ச்சி போட முடியாது என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வைதேகி, படிப்பை விட்டுவிட்டு ரயில்வே பரீட்சை எழுதுகிறேன் அப்பா என்றாள். முன்பு இதைக் கேட்க ஆசைப்பட்டவர்தான் அவர். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

6

அந்த வாரமே நிமாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பெயர் ஷிப்ரா. காளிகாட் சந்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு புடவைக்கு ஃபால் தைக்கிறவள். கணவர் எப்போதோ போய்விட்டார். ஒரே பிள்ளை, கோக்கோன், ஆற்றில் குளிக்கப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. பதினெட்டு வயது.

வைதேகி, நான் அந்த வேலையை விட்டுவிட்டேன் காக்கு என்று நிமாயிடம் சொன்னாள். தெரியும், சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை என்றார் அவர்.

ஷிப்ரா கெஞ்சவில்லை. பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கான அனுமதிச் சீட்டில் ஒட்டியது. கண் சிமிட்டுகிற நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இன்னொன்று மயானத்தில் நிமாய் எடுத்தது.

"இரண்டிலும் தூங்குகிறான், திதி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இங்கே திதி என்றால் அக்கா. "தூங்குகிற பிள்ளையிடம் நான் என்ன பேசுவது?"

வைதேகி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவளுடைய அப்பா அறை வாசலில் வந்து நின்றிருந்தார். நான் தமிழில், "சுந்தரை எடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவன் பூட்டிக்கொடுத்த அதே கம்ப்யூட்டர். அந்தப் படங்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக வந்தன. வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி. மெழுகுவர்த்தி பக்கத்தில் பெரியவன் மாதிரி. டியூப்லைட்டின் கீழே பசியோடு. என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கோக்கோனை எடுத்தது மேகம் மூடிய பகலில், திறந்த இடத்தில். அதனால் மாடியில் தூறலில் எடுத்ததுதான் பொருந்தும் என்றாள் வைதேகி. அதில் ஏழெட்டுப் படங்கள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"அது வேண்டாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "அதுல அவன் உன்னைப் பாக்கறான். அதுக்கு அடுத்தது. அதுல யாரையும் பாக்கலை."

அதற்கு அடுத்ததைத்தான் எடுத்தாள். பெரிதாக்கினாள். கண்மணிக்குள் சாம்பல் நிற வானமும் குடையின் விளிம்பும் தெரிந்தன. குடை விளிம்பை அழித்தாள். இமையை அளந்து வெட்டினாள், கோக்கோனின் முகத்தில் கொண்டு வைத்தாள், நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனுடையதாக்கினாள். அவள் செய்வதை அன்றுதான் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு செய்தாள். மச்சத்துக்கு வந்ததும் நின்றாள்.

"எடுத்துடும்மா" என்று நான்தான் சொன்னேன். "இது அவங்க பிள்ளை."

மவுஸின் மேல் அவள் விரல் அப்படியே இருந்தது.

"இருக்கட்டும்" என்றார் அவள் அப்பா.

7

படத்தைச் சட்டம் போட்டு நானே எடுத்துப் போனேன். ஷிப்ரா தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"அவனுக்கு இந்தப் புள்ளி கிடையாது" என்றாள். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. கண்ணாடியின்மேல் அந்தப் புள்ளியைத் தொட்டு, "இது யாருடைய கண்?" என்று கேட்டாள்.

என் வங்காளம் கடைக்குப் போய்வரப் போதுமான வங்காளம். வினைச்சொல் எப்போதும் தப்பாக வரும். ஆனால் இந்தப் பதிலுக்கு அதில் வினைச்சொல் தேவையில்லை. இருந்தது, இருக்கிறது என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை, நம் தமிழைப் போலவே. என் பிள்ளையுடைய கண். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஷுந்தோர் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியில் படத்தை மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று கீழே நின்ற என்னைத்தான் கேட்டாள். இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னேன்.

வைதேகி குறும்படத்தை முடித்தாள். படகிலிருந்து இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஹைதராபாத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான தொடர்களை அங்கே செய்கிறார்கள். பல பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் நடை, ஒருவர் துணி, ஒருவர் மழை. இவளுக்குக் கண்களும் புருவமும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாதி வங்காளம், கொஞ்சம் தெலுங்கு, மீதி தமிழ். சாப்பிட்டியா என்றால் ஆமாம் என்பதற்கு "ஹ்யா" என்கிறாள். அங்கே அறைத்தோழியும் வங்காளிப் பெண். இனி அவளுக்குத் தமிழ் முழுசாக வராது என்று நானும் விட்டுவிட்டேன். அவள் செய்த ஒரு தொடர் இங்கே டிவியில் வருகிறது. அதில் ஒரு அணில். அது தலையைச் சாய்த்து இடது இமை தாழப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. என் கணவர் அந்த நேரத்துக்குச் சரியாகக் குளிக்கப் போய்விடுவார். நான் பார்ப்பேன்.

மளிகைக் கடையை இடித்துக் கட்டுகிறார்கள். கிழவியின் படத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. காரியத்துக்குப் போன வீட்டுக்காரர்கள் மாற்றலாகி ராஞ்சிக்குப் போய்விட்டார்கள். இன்னும் எத்தனை வீடுகள் என்று வைதேகிக்கே சரியாக நினைவில்லை. காளிகாட் சந்துகளில் நடக்கும்போது திறந்திருக்கிற கதவுகளுக்குள் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை. நடை மெதுவாகிவிடுகிறது. யாரைத் தேடுகிறீர்கள் மாசிமா என்று கேட்பார்கள். தப்பான சந்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கோக்கோன் போன நாள் வரும்போது ஷிப்ரா என்னைக் கூப்பிடுவாள். அவளுடைய உறவுக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள், ஒரு பூசாரி வருவார். நான் அந்தப் பையனுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த டீச்சர் என்று அவர்கள் நினைக்கிறார்கள், ஷிப்ராவும் மறுக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு அவள் அறையைக் கூட்டுவாள். இருக்கிற ஒரே நாற்காலியைப் படத்துக்கு நேரே போட்டு என்னை உட்காரச் சொல்வாள். தேநீர் போட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு கோப்பைத் தேநீருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.